பாட்டில் நிறைகிற நேரம்

சரக், சரக். முதலில் அந்தச் சத்தம்தான். முதுகுக்குப் பின்னால், ஈரமான எதையோ கூரான எதிலோ வைத்து இழுக்கிற சத்தம். திரவியம் திரும்பவில்லை. திரும்பினால் பாட்டிலின் வாய் விலகிவிடும். கடற்கரைச் சுவரோரத்துக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரிதான் வந்துகொண்டிருந்தது, அதுவும் நல்ல நூல் இல்லை, இந்தா அறுந்தேன் அந்தா அறுந்தேன் என்று மிரட்டுகிற நூல். ராஜபாளையத்து மில்லில் ராத்திரி ஷிப்டிலேயே தலை நரைத்தவர் அவர், அறுந்த இழைகளை ஒட்டிக்கொண்டே மெஷின் வரிசைக்கு நடுவே நடக்கிற வேலை, அதனால் அந்தத் தண்ணீரைப் பார்க்கப் பார்க்க விரல் நமநமவென்றது. காலிடுக்கில் இரண்டு பை, ஒரு குடை. பெண்டாட்டி செண்பகவல்லி போய்விட்டாள். "நீங்க தண்ணியப் பிடிங்க, ரயில்ல விக்கிறத வாங்க வேண்டாம். நான் வாய்க்கு ஒண்ணு வாங்கிட்டு ஓடியாந்துர்றேன்" என்றாள், சொன்னபடியே ஓடினாள். அதுதான் உறுத்தியது. ஊரில் மாடிப்படி ஏற முட்டி விடாதவள், ரேஷன் கடைக்குப் போய்வந்தால் தைலம் தேய்க்கச் சொல்கிறவள், கோழிக்கோட்டு மணலில் கொலுசு குதிக்க ஓடினாள். முட்டிவலியும் ஊரைப் பார்த்துத்தான் வரும்போல. சரக், சரக். மில்லில் பஞ்சு சிக்கெடுக்கிற கார்டிங் மெஷின் கம்பியைத் தீட்டுகிறபோது இப்படி ஒரு சத்தம் வரும், பல் கூசும், ஆனால் இது கூசவில்லை, நாக்கில் ஏதோ ஊறுகிறது, அதுவும் பிடிக்கவில்லை. இந்த ஊரில் எதைக் கேட்டாலும் பசிக்கிறது. இந்த ஊர்க்காரனுக்கு இது தினமும் கிடைக்கிறது. தினமும்.

செண்பகத்தை இன்று அவர்தான் கூட்டிப்போவதாக இருந்தது. மகள் கயலை இங்கே கல்லூரியில் சேர்த்து விடுதியில் விட்டாயிற்று, மத்தியானமே அழுது முடித்தாயிற்று, வண்டிக்கு ராத்திரிவரை நேரம் இருக்கிறது, அந்தச் சாயங்காலத்துக்காக ஒரு மாசமாகத் தயாரானவர் அவர். மில் கேன்டீனில் டீ ஆறுகிறவரை போனைத் தடவித் தடவி, கோழிக்கோட்டில் இருட்டினபிறகு எங்கே போகலாம், எங்கே எது நன்றாயிருக்கும் என்று யார் யாரோ எழுதியதை எல்லாம் படித்தார், முன்னேபின்னே பார்க்காத ஊரின் தெருக்களை மனப்பாடம் பண்ணினார். பக்கத்து மெஷின் பவுன்ராஜ் எட்டிப்பார்த்து, "என்னண்ணே, மகளச் சேக்கப் போறியளா, தேனிலவுக்குப் போறியளா?" என்றான். "போடா, வயித்துக்குத்தாண்டா" என்றார், ஆனால் வயிற்றுக்கு மட்டும் இல்லை. கல்யாணம் ஆனதிலிருந்து அவளை ராத்திரி ஒரு கடையில் உட்காரவைத்துச் சோறு வாங்கிக்கொடுத்தது கிடையாது. அவள் உலை வைக்கிறபோது அவர் சைக்கிள் எடுப்பார், அவள் வாசல் தெளிக்கிறபோது தலையெல்லாம் பஞ்சோடு உள்ளே வருவார், நிலைப்படியில் ஒருவரை ஒருவர் உரசிக்கொண்டு போனதுதான் பாதிக் குடித்தனம். ஒரே ஒரு தரம், மற்ற ஆம்பிளைகள் மாதிரி ஒரு கடை வாசலில் நின்று "வா, இங்கதான், நல்லாருக்கும்" என்று சொல்லிவிட வேண்டும். அவள் அண்ணாந்து பார்க்க வேண்டும். அந்தப் பார்வைக்குத்தான் ஒரு மாசப் படிப்பு. சொல்லவும் செய்தார், விளக்கெல்லாம் போட்டுக் கல்யாண வீடு மாதிரி இருந்த பிரியாணிக் கடை வாசலில், "வா, இங்கதான்" என்று. அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "அங்க வேண்டாங்க. பேரு பெருசு, கூட்டம் பெருசு, உள்ள போனா நெஞ்சு கரிக்கும். பின்னாடி சந்துக்கு வாங்க." பின்னாடி சந்து. போனில் எவனும் எழுதாத சந்து. கதவுமேல் பெயர்ப்பலகைகூட இல்லாத வீட்டில் ஒரு அம்மாள் அரிசிப் பத்திரி தட்டிக்கொண்டிருந்தாள், மெல்லிசாக, கைக்குட்டை மாதிரி, தேங்காய்ப்பாலில் முக்கித் தின்றபோது நாக்கு நன்றாயிருக்கிறது என்றது, நெஞ்சு கரித்தது. பிரியாணி தின்னாமலே கரித்தது.

அடுத்தது மீன் கடை என்று வைத்திருந்தார். அதையும் அவள் தாண்டிக்கொண்டு போய்விட்டாள், ரோட்டோரம் கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் போய் நின்று, "கல்லுமக்காய் நிறச்சது, ரெண்டு பிளேட்" என்றாள். கடலில் பாறையை ஒட்டிக்கிடக்கிற சிப்பி அது, ஓட்டுக்குள் அரிசிமாவை அடைத்து வேகவைத்து, மிளகாய் பூசிப் பொரித்துத் தருகிறார்கள். ஓடு இருக்கிற எதையும் தொடாத மனுஷி! கல்யாணமான புதிதில் தெப்பக்குளத்து நண்டு வாங்கிக்கொண்டு போனதற்கு, சட்டியையே தூக்கி வெளியே வைத்தவள். அவள் கட்டைவிரலை ஓட்டின் இடுக்கில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பிச் சதையை முழுசாக எடுத்தாள். பழகின நெம்பு. ஒருநாளில் வருகிற நெம்பு இல்லை. அவருக்கு ஓடு கையில் வழுக்கியது. "இப்படிப் பிடிங்க" என்று சொல்லிக்கொடுத்தாள், அதைச் சொல்லிக்கொடுத்தவன் யார், அவள் விரலைப் பிடித்து இப்படி என்று காட்டியவன் யார் என்று ஒரு கேள்வி அப்போதுதான் முதன்முதலாகத் தொண்டையில் வந்து உட்கார்ந்தது, சிப்பி உள்ளே போயிற்று, கேள்வி போகவில்லை. அப்புறம் மிட்டாய்த் தெருவுக்குப் பின்னால் ஒரு மாடியறை, ஜன்னலில் பச்சை வெளிச்சம், உள்ளே ஆர்மோனியத்தோடு யாரோ உருகிக்கொண்டிருந்தார்கள். "மேல போகணும்னு இல்லங்க, இந்தப் படியில நின்னாலே நல்லாக் கேக்கும், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று படிக்கட்டின் அடியில் அவரையும் நிறுத்தி, சுவரில் சாய்ந்துகொண்டாள். சாய்ந்த இடம் எண்ணெய்ப் பிசுக்கேறி வழவழப்பாக இருந்தது. எத்தனை பேர் சாய்ந்தார்களோ. இவள் எத்தனை தரம் சாய்ந்தாளோ. பக்கத்தில் இன்னொரு தோள் சாய இடம் இருக்கிறது, தாராளமாக இருக்கிறது, அதில்தான் இப்போது அவர் சாய்ந்திருக்கிறார், யாரோ எழுந்துபோன நாற்காலியின் சூட்டில் உட்காருகிற மாதிரி.

தண்ணீர் கால் பாட்டில்கூட ஏறவில்லை. தெருவெல்லாம் ஜனம். பிள்ளைகளைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு அப்பன்மார், ஹெல்மெட்டை மடியில் வைத்து உப்பிலிட்ட அன்னாசி கடிக்கிற பெண்கள், லுங்கியைத் தூக்கிக் கட்டிக் கடலுக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிற கிழவர்கள், அவர்களில் ஒருவருக்கும் அவசரமில்லை. ராத்திரி தன்னுடையது என்றுதான் அவர் இத்தனை காலமும் நினைத்திருந்தார். ஊர் தூங்குகிறது, நான் விழித்திருக்கிறேன் என்று ஒரு சின்னப் பெருமை. எங்கே விழித்திருந்தார்? மில்லுக்குள் ராத்திரி கிடையாது, ஜன்னல் இல்லை, ட்யூப்லைட்டும் பஞ்சுத் தூசியும் நூல் சுற்றுகிற கதிர்களின் இரைச்சலும்தான், ராத்திரி இதோ இங்கே இருந்திருக்கிறது, மிளகாயும் எலுமிச்சையும் போட்டு ஆளாளுக்குத் தின்றுகொண்டிருந்திருக்கிறார்கள், அவர் பங்கையும் சேர்த்து. அதில் அவர் பெண்டாட்டியும் ஒருத்தி. நாலு மாசம் அவள் இங்கே இருந்தாள். கயல் அப்போது ஐந்தாவதோ ஆறாவதோ. செண்பகத்தின் அக்கா பேச்சியம்மாள் இங்கேதான் இருந்தாள், புருஷன் கொத்தனார், கட்டட வேலைக்கு வந்து தங்கிவிட்டவர். அக்காவுக்குத் தொண்டையில் கட்டி, கடற்கரைக்குப் பக்கத்துப் பெரியாஸ்பத்திரியில் படுத்துவிட்டாள், கூட இருக்கப் பொம்பளை வேண்டும் என்று இவள் புறப்பட்டு வந்தாள். நாலாவது மாசம் அக்கா போனபிறகுதான் திரும்பினாள், வற்றிக் கறுத்து. அந்த நாலு மாசமும் அவர் மனசில் ஒரே படம்தான், இரும்பு ஸ்டூலில் இவள் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள், மேலே மங்கல் பல்பு, கையில் ஈரத்துணி. அந்தப் படத்தை வைத்துக்கொண்டுதான் மெஷினுக்கு நடுவே நடந்தார். அவள் அங்கே கஷ்டப்படுகிறபோது நமக்கு என்ன ருசி என்று கறியோ மீனோ எடுக்கவில்லை, ரசத்தையும் சுட்ட அப்பளத்தையும் தின்றார், பிள்ளையையும் தின்னவைத்தார், அது "அப்பா இன்னைக்குமா?" என்று அழுதது. போனில் தினமும் கேட்டார், சாப்பிட்டியா. சாப்பிட்டேன். அவ்வளவுதான். என்ன சாப்பிட்டாய் என்று ஒருநாளும் கேட்கவில்லையே. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா? கல்லுமக்காய் என்று சொல்லியிருப்பாளா? படிக்கட்டில் நின்று பாட்டுக் கேட்டேன் என்று? அவர் ஸ்டூலுக்குக் காவல் இருந்திருக்கிறார், ஸ்டூலில் ஆள் இல்லை. ஒருத்தி தனியாக ராத்திரியில் இத்தனை சந்து கற்றுக்கொள்ள முடியாது. யாரோ கூட வந்திருக்கிறான். முன்னால் நடந்து, திரும்பி, "வா, இங்கதான்" என்று சொல்லியிருக்கிறான். அண்ணாந்து பார்த்திருப்பாள். அவர் ஒரு மாசம் படித்து வந்த அந்தப் பார்வை ஆறு வருஷத்துக்கு முன்பே செலவாகிவிட்டது. கேட்டுவிட வேண்டும். ரயில் ஏறுவதற்கு முன்னால். கேட்டால் என்ன ஆகும், ராத்திரி முழுக்க எதிரெதிர் சீட்டில், அப்புறம் வீட்டில், பிள்ளையும் இல்லாத வீட்டில், இரண்டு பேர் மட்டும், அந்தக் கேள்வி நடுக்கூடத்தில் கட்டில் மாதிரிக் கிடக்கும், சுற்றித்தான் நடக்கவேண்டும். கேட்காவிட்டாலும் கிடக்கும். அவருக்கு மட்டும் கிடக்கும்.

"டீச்சரே!"

ஆண் குரல். யாரையோ கூப்பிடுகிறான், எந்த ஊரிலும் டீச்சர்கள் உண்டு என்று திரவியம் நினைத்தார், சரக் சத்தம் நின்றுபோனதைக் கொஞ்சம் பிந்தித்தான் கவனித்தார். திரும்பினார். பாட்டில் வாய் விலகித் தண்ணீர் செருப்பில் விழுந்தது. பத்தடி தள்ளி ஒரு தள்ளுவண்டி, அதன்மேல் பலகை, பலகையில் தச்சனின் இழைப்புளி மாதிரி பிளேடு, பிளேடின்மேல் செங்கல் அளவு ஐஸ் கட்டி, கட்டியைப் பிடித்தபடி அவர் வயசுக்காரன் ஒருவன், தாடியில் பாதி வெள்ளை, வாயெல்லாம் பல். அவனுக்கு முன்னால் நிற்கிற டீச்சர் செண்பகம். எட்டாவதோடு நிறுத்தியவள்! இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு சிரித்தாள், சத்தம் வெளியே வராத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கும், அது இத்தனை நாளாக வீட்டுக்கு உள்ளே மட்டும் இருந்த சிரிப்பு. இவன்தான். சந்து, சிப்பி, படிக்கட்டு எல்லாம் இவன்தான். அந்த மனுஷன் ஐஸை வைத்துவிட்டு, அவளைப் பார்த்தபடியே வலது கையால் தன் நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினான். திரவியத்துக்குக் காதில் மில் இரைந்தது. நடுரோட்டில், அத்தனை ஜனத்துக்கு முன்னால், அடுத்தவன் பெண்டாட்டியைப் பார்த்து நெஞ்சைத் தட்டிக்காட்டுகிறான், காலேஜ் பையன் மாதிரி, இந்த வயசில். பையைத் தாண்டி ஒரு கால் எடுத்துவைத்துவிட்டார். அதற்குள் அந்தக் கை நெஞ்சிலிருந்து எழுந்து, விரல்கள் தளர, வெளியே ஒரு வீச்சு வீசியது. கால் அப்படியே நின்றது. அது மில்லின் கை.

இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது. அதனால் மில்லில் எல்லாவற்றுக்கும் கை உண்டு. மீசையைத் தடவினால் சூப்பர்வைசர் வருகிறார், கட்டைவிரல் உதட்டில் பட்டால் டீ, உச்சந்தலையில் உள்ளங்கை வைத்தால் வீட்டுக்குக் கிளம்புகிறேன். நெஞ்சில் இரண்டு தட்டு, வெளியே ஒரு வீச்சு: நான் இருக்கேன், நீ போ. உன் மெஷினையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறேன், நீ ஒண்ணுக்குப் போ, டீ குடி, பத்து நிமிஷம் கண்ணை மூடு. அப்படிச் சொல்லிவிட்டால் போகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் நம்பவில்லை என்று அர்த்தம், அதற்காக வருஷக்கணக்கில் பேசாமல் இருந்தவர்கள் உண்டு. கயல் தொட்டில் பிள்ளையாக இருந்தபோது, தூக்கம் கலைந்துவிடக் கூடாதென்று அவர்தான் இதையெல்லாம் செண்பகத்துக்குக் கற்றுக்கொடுத்தார். இருட்டு வீட்டில், தொட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று, இரண்டு பேரும் ஊமைகளாகச் சிரித்துக்கொண்டு. அது இங்கே எப்படி வந்தது? அதையுமா கொடுத்தாள்? சிப்பி தின்றதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தொட்டிலடியில் இருந்ததை எடுத்து ஐஸ்காரனுக்குக் கொடுத்திருக்கிறாள்.

"என்னங்க, இங்கன வாங்க! பையத் தூக்கிட்டு வாங்க!"

போனார். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு போனார்.

"இதாணோ மில்லுக்காரன்?" என்றான் அவன். அவரை மேலும் கீழும் பார்த்தான், முகத்தைவிட்டுவிட்டு வலது கையை அதிக நேரம் பார்த்தான். "ஆளை இப்பத்தான் பாக்குது. கை முன்னாடியே தெரியும்."

"பீரானிக்கா, ஆஸ்பத்திரியில பழக்கம்" என்றாள் செண்பகம். "இவுக அம்மா, உம்மான்னுதான் கூப்பிடுவோம், அதுக்குப் பக்கத்துக் கட்டில்தான் நம்ம அக்காவுக்கு. பொம்பளை வார்டுல ராத்திரி ஆம்பிளைகள விட மாட்டாங்க, இவுக எல்லாம் வராந்தாவுல கிடப்பாங்க. உள்ள சத்தம் போட்டா நர்ஸம்மா வையும். ஜன்னல் வழியா எப்படிப் பேச? அதான் நம்ம கைய எடுத்துவிட்டேன். ஒரே வாரத்துல வார்டு பூரா மில்லு ஆயிருச்சு."

"டீச்சர் பெயிலாக்கும், தெரியுமா? டீயும் மருந்தும் மாறிப்போச்சுன்னு என்னை மூணு தடவ பெயிலாக்கி" என்றான் பீரான்.

"மாத்திச் சொன்னா? உம்மா மாத்திரை கேட்டா இவரு டீ கொண்டாருவாரு."

திரவியமும் சிரிக்கவேண்டிய இடம். உதடு நகர்ந்தது. பீரான் ஐஸை மறுபடி பலகையில் இழுத்தான், சரக் சரக், தூளை இரண்டு கிளாஸில் அள்ளி நன்னாரியும் எலுமிச்சையும் ஊற்றி, மேலே வறுத்த கடலை தூவி நீட்டினான். ஐஸ் ஒரதி என்று பெயராம். திரவியம் வாயில் போட்டார். நன்றாக இருந்தது. எல்லாமே நன்றாக இருந்து தொலைக்கிறது.

"அக்காவுக்குக் கடைசி மாசம் இதான் சோறு" என்றாள் செண்பகம், கிளாஸைப் பார்த்துக்கொண்டு. "தொண்டையில எதுவும் இறங்கல. வெறும் ஐஸ்தூள், உப்புப் போடாம, சீனி போடாம. பீரானிக்கா கடையக் கட்டிட்டுக் கொண்டாந்து ஜன்னல்ல நீட்டுவாரு. நான் ஸ்பூன்ல கொடுப்பேன். நான் சாப்பிடாமக் கிடப்பேன், அவ பட்டினி கிடக்கையில நான் எப்படித் திங்கன்னு. எல்லாரும் என்னைத் துரத்துவாங்க, நான் இருக்கேன் நீ போன்னு. முதல்ல நாலஞ்சு பேராப் போவோம். அப்புறம் ஆளாளுக்கு டிஸ்சார்ஜ் ஆயிட்டாங்க. கடைசியில நானும் பீரானிக்காவும்தான். உம்மா அக்காவப் பாத்துக்கிடும்."

நானும் பீரானிக்காவும்தான். மறைக்கவில்லை. நாக்கில் கடலைத்தோல் ஒட்டியதை எடுத்துக்கொண்டே சொன்னாள். அவர் நினைத்தது சரியாகிவிட்டது, சரியானதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

"ஒருநாளும் சொல்லலியே நீ" என்றார். குரல் தண்ணீர் மாதிரியே நூலாகத்தான் வந்தது.

"எதச் சொல்ல? அங்க அக்கா ஐஸ்கட்டியச் சப்பிக்கிட்டுக் கிடக்கா, நான் கல்லுமக்காய் தின்னேன், பாட்டுக் கேட்டேன், நல்லா இருந்துச்சுன்னு? நீங்க வேற அங்க கறி எடுக்காமக் கிடந்தீக. கயல் சொல்லிருச்சு." கிளாஸைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினாள். "நல்லாத்தாங்க இருந்துச்சு. அதான் சொல்ல வாய் வரல. இன்னைக்கு உங்களக் கூட்டிட்டு அதே கடையெல்லாம் போய் நின்னுட்டா சொன்னதா ஆயிரும்னு நெனச்சேன்."

பீரான் வேறு யாருக்கோ ஐஸ் இழுக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த நாகரிகம்கூட எரிச்சலாக இருந்தது, மட்டமானவனாக இருந்திருக்கலாம், வெறுக்க வசதியாக இருந்திருக்கும். கூட்டம் குறைந்ததும் அவனே பேசினான். உம்மா இருக்கிறாள், பின்னால் சந்தில்தான் வீடு, இப்போது காது சுத்தமாகக் கேட்காது, வீட்டில் எல்லோரும் கையால்தான் பேசுகிறார்கள், டீச்சர் கற்றுக்கொடுத்த கை. "உம்மா தினம் ஒரு தடவ டீச்சரைக் கேக்கும்" என்று உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்துக்காட்டினான், வீட்டுக்குப் போனவள் எங்கே என்கிறாளாம். கோழிக்கோட்டு அடுப்படியில் ஒரு கிழவி சூப்பர்வைசருக்கு மீசை தடவிக்கொண்டிருக்கிறாள், பவுன்ராஜிடம் சொன்னால் நம்ப மாட்டான். "பத்து நிமிஷம், ஒரு பார்வை. ஆனா இன்னைக்கு வெள்ளிக்கிழமை, கூட்டம் வரும், வண்டிய விட்டா..." என்று பீரான் இழுத்தான். சந்து வளைந்து வளைந்து போகும், தனியாகச் சொன்னால் புரியாது, அவனும் கூடப் போகவேண்டும். வண்டிக்கு ஒரு ஆள் வேண்டும், பைகளுக்கு ஒரு ஆள் வேண்டும், ரயிலுக்கு நேரம் இருக்கிறது.

 போகட்டுமா என்று செண்பகம் கேட்கவில்லை. கிளாஸின் அடியில் உருகியதைக் குடித்துவிட்டு அவரைப் பார்த்தாள். அண்ணாந்துதான் பார்த்தாள், குட்டையானவள். கேள்வி அவர் நாக்குக்கு வந்துவிட்டது, முழு வாக்கியமாக, அந்த ராத்திரிகளில் நீயும் இவனும் என்று தொடங்கி, முற்றுப்புள்ளிவரை தயாராக. வாயைத் திறந்தால் போதும், இவள் முகத்தில் இருக்கிற இந்த வெளிச்சம் பட்டென்று அறும், ஒட்டினாலும் முடிச்சுத் தெரியும், காலத்துக்கும் விரலில் தட்டும். நானும் வருகிறேன் என்று சொல்லலாம். நேரமாகிவிட்டது என்று சொல்லலாம். அந்த இருட்டுச் சந்து, அந்த வளைவுகள், அவன் முன்னால் நடந்து திரும்பி வா இங்கதான் என்பான். சொல்லட்டுமே. சொல்லக் கூடாது. இன்னும் எதைச் சொல்வதென்று அவர் முடிவு பண்ணவில்லை, கை முடிவு பண்ணிவிட்டது. எத்தனை வருஷத்துக் கை அது, எவன் முகத்தில் களைப்பைக் கண்டாலும் தானாக எழுகிற கை. நெஞ்சில் இரண்டு தட்டு. தேவைக்கு மேல் கொஞ்சம் பலமாகவே தட்டிவிட்டார், எலும்பில் வலித்தது. வெளியே ஒரு வீச்சு.

பீரான் ஐஸ் கட்டியைச் சாக்கால் மூடிவிட்டு லுங்கியில் கையைத் துடைத்தான். அவளுக்கு நாலடி முன்னால் நடந்தான். செண்பகம் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் போனாள், ரோட்டைக் கடந்தாள், மஞ்சள் விளக்குக்கு அடியில் போனாள். ஒருதரம், ஒரே ஒருதரம் திரும்பிப் பார்க்கமாட்டாளா என்று அவருக்கு இருந்தது. சந்து முனைவரை பார்த்துக்கொண்டே நின்றார். அவள் திரும்பவில்லை. நல்ல மில்காரி மாதிரி, வெறும் முதுகாகவே போய் வளைவில் மறைந்தாள்.

ஒரு கைக்குழந்தைக்காரி வந்து வண்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். ஆள் இப்போது வந்துவிடுவார் என்று அவர் கையால் சொன்னார். அவளுக்குப் புரிந்தது. சாக்குக்கு அடியிலிருந்து ஐஸ் சொட்டுச் சொட்டாகக் கரைந்து மணலில் விழுந்துகொண்டிருந்தது. அவர் பைகளை வண்டிச் சக்கரத்தோடு சேர்த்து வைத்தார், குடையை மேலே போட்டார். இத்தனை நேரமும் பாட்டிலைக் கழுத்தைப் பிடித்துத் தொங்கவிட்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது, பாதி சிந்திப்போயிருந்தது. குழாயடிக்குப் போனார். அங்கிருந்தும் வண்டி தெரிந்தது, சந்து முனையும் தெரிந்தது. தண்ணீர் அதே நூலாகத்தான் வந்துகொண்டிருந்தது. குனிந்து, பாட்டிலின் வாயை அதற்குக் கீழே பிடித்தார்.